சதுரங்கப் பலகையும் சிந்திக்கும் பொறியும்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



சதுரங்கத்தில் மனிதனை இயந்திரம் வென்றுவிட்டது. இனி மனித மூளைக்கு என்ன வேலை என்னும் கேள்வி இன்று நமது வன்னியிலும் எழுகின்றது. கேட்பவர்கள் இளைஞர்கள் மாத்திரமல்லர். பிள்ளைகளைப் படிப்பிப்பதற்காக நகையை அடைவு வைத்த தாய்மாரும் கேட்கிறார்கள். ஆதலின் இதனைப் பொழுதுபோக்குப் பேச்சாக விட்டுவிடாது சிறிது ஆராய்வோம்.

சைவர்களாகிய நமக்குச் சதுரங்கம் அந்நியமான ஆட்டமன்று. தமிழகத்தில் நீடாமங்கலத்துக்கு அண்மையில் திருப்பூவனூர் என்றொரு தலம் உண்டு. அப்பர் சுவாமிகளின் பாடல் பெற்றது. அங்கே எழுந்தருளியிருக்கும் பெருமானுக்குச் சதுரங்க வல்லபநாதர் என்பது திருநாமம். அரசன் மகளாக வளர்ந்த அம்பிகையைச் சதுரங்கத்தில் வெல்வார் ஒருவருமில்லை; இறைவன் முதியவராக வந்து, ஆடி வென்று, அவளை மணந்தார் என்பது தலவரலாறு. தன்னிலும் வல்லவரிடம் தோற்பதைப் பற்றிக் கதை சொன்ன நமது முன்னோர், முடிவைக் கலியாணமாகவே வைத்தார்கள்.

இனி இயந்திரத்தின் கதைக்கு வருவோம். 1996இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் டீப் புளூ என்னும் கணினியை உலக வீரர் கஸ்பரோவ் வென்றார். அடுத்த ஆண்டு, 1997 மே மாதத்தில், நியூயோர்க்கில் அதே கணினி மேலும் வலுவாக்கப்பட்டு வந்து அவரை 3.5க்கு 2.5 என்று தோற்கடித்தது. அது ஒரு விநாடியில் இருபது கோடி நிலைகளைப் பார்க்கவல்லது. எந்த நிலை நல்லது, எது கெட்டது என்று அளக்கும் விதிகளை மனிதரே அதற்குள் வைத்திருந்தனர். அதனைச் சிந்தனை என்பதிலும் அசுரக் கணக்கு என்பதே பொருந்தும்.

2017இல் வந்த அல்பாசீரோ வேறு வகையானது. ஆட்டத்தின் விதிகளை மாத்திரம் சொல்லி, தன்னோடு தானே ஆட விட்டார்கள். நான்கு மணித்தியாலப் பயிற்சியில் அது, அக்காலத்தில் முன்னணியில் நின்ற ஸ்டொக்பிஷ் என்னும் ஆட்டப்பொறியை மிஞ்சிற்று. பின்னர் அவ்விரண்டும் ஆடிய 100 ஆட்டங்களில் 28ஐ வென்றது, 72 சமநிலை, ஒன்றிலேனும் தோற்கவில்லை. ஏகலைவனுக்காவது எதிரே குருவின் உருவம் ஒன்று இருந்தது, இதற்கு அதுவுமில்லை!

அப்படியாயின் சதுரங்கம் அழிந்ததா? வளர்ந்தது. இந்தியாவின் முதலாவது கிராண்ட்மாஸ்டராகச் சென்னை விசுவநாதன் ஆனந்த் 1988இல் ஆனார். இன்று அங்கே எண்பதுக்கு மேற்பட்டோர் உளர். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் சென்னைப் பிள்ளை குகேஷ் பதினெட்டு வயதில் உலகப் பட்டம் பெற்றார். உலக வீரர்கள் பயன்படுத்தும் அதே ஸ்டொக்பிஷ், காசின்றிக் கைத்தொலைபேசியிற் கிடைக்கின்றது. புதுக்குடியிருப்பிலோ நெடுங்கேணியிலோ இருக்கும் ஒரு பிள்ளைக்கு இது சிறிய வரமன்று. நல்ல ஆசானைத் தேடிக் கொழும்புக்குப் போக வசதியில்லாத பிள்ளைகள்தானே நம்மிடம் அதிகம்.

ஆனால் குகேஷின் குரு விஷ்ணு பிரசன்னா செய்த ஒரு காரியத்தை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். 2019இல், தமது பன்னிரண்டாவது வயதில், கிராண்ட்மாஸ்டர் ஆகும்வரை அப்பிள்ளையை ஆட்டப்பொறியின் உதவியை நாட விடாமலே அவர் பயிற்றினார். பொறியை அவர் வெறுத்தாரல்லர். பிள்ளை முதலில் தானே கணக்கிட்டு, தானே பிழைவிட்டு, தானே திருத்திக்கொள்ள வேண்டும் என்று கருதினார். விடையை முன்னரே பார்த்துவிட்டவனுக்குக் கேள்வி ஒருபோதும் சொந்தமாவதில்லை.

இதைக் கொண்டு எல்லாம் நலமே என்று சொல்லிவிடலாமா? முடியாது. சதுரங்கத்தை மனிதர் ஆட, மனிதர் பார்க்கிறார்கள். பொறி எவ்வளவு வல்லதாயினும் குகேஷின் இடம் குறையவில்லை. நெல்லை யார் வெட்டினார் என்று அரிசி வாங்குபவர் கேட்பதில்லை. நமது வயல்களில் அரிவி வெட்டவும் சூடடிக்கவும் இயந்திரம் வந்தபோது, கூட்டமாய் வெட்டிய ஆட்களின் கூலி போயிற்று. கமக்காரருக்கு அது ஆறுதல். கூலியாளுக்கு அது நட்டம். இரண்டும் உண்மை. கடிதம் எழுதுதல், மொழிபெயர்த்தல், கணக்குப் பதிதல் ஆகிய எழுதுவினைஞர் வேலைகளுக்கும் இனி அந்நிலையே வரக்கூடும். அரசாங்க உத்தியோகம் ஒன்றையே நம்பிக் காத்திருக்கும் நமது இளைஞர் இதை இப்பொழுதே அறிந்திருப்பது நல்லது.

பள்ளிக்கூடம் எப்பக்கத்தைச் சேர்ந்தது? இங்கேதான் நம்மிற் பலர் தடுமாறுகிறோம். பிள்ளை எழுதும் கட்டுரை ஆசிரியருக்குத் தேவைப்பட்டு எழுதுவிக்கப்படுவதன்று; அது விற்பனைக்குரிய நெல்லுமன்று. அது ஆட்டம். ஆடினாலொழியப் பயனில்லை. இன்று தமிழிலேயே கட்டுரை எழுதித் தரும் பொறிகள் கைத்தொலைபேசிக்குள் வந்துவிட்டன. அவற்றை எழுதவிட்டுத் தன் பெயரை இடும் மாணவன், ஸ்டொக்பிஷை ஆடவிட்டுத் தான் கிண்ணம் வாங்குபவனுக்கு ஒப்பானவன். 2019இல் ஐரோப்பாவில் கிராண்ட்மாஸ்டர் ஒருவர் போட்டிக்கிடையே கழிப்பறையில் கைத்தொலைபேசியைப் பார்த்து அகப்பட்டுப் பட்டத்தையே இழந்தார். பரீட்சை மண்டபத்திலோ தொலைபேசி கூட இராது. வெறுங்கை மாத்திரமே இருக்கும்.

இன்னுமொன்று. சதுரங்கப் பலகைக்கு அறுபத்துநான்கு கட்டங்களே. பொறி சொன்ன நகர்வு சரியா என்பதை ஆடிப் பார்க்கலாம். மருந்தைப் பற்றியோ காணி உறுதியைப் பற்றியோ பேசும் பொறிக்கு அத்தகைய எல்லை இல்லை. அது பிழையையும் சரியையும் ஒரே இனிய நடையிற் சொல்லும். பேச்சு அழகாயிருப்பதால் நம்பிவிடும் வழக்கம் நமக்கு மேடைப் பேச்சாளர்களால் ஏற்கெனவே உண்டு. அதனைப் பொறிகளுக்கும் நீட்ட வேண்டியதில்லை.

சங்கத்தின் முன் நாம் வைக்கும் வேண்டுகோள் சிறியது. வாரத்தில் ஒரு மாலை வாசிகசாலையிற் சில சதுரங்கப் பலகைகளை விரிப்போம். வாசலில் ஒரு பெட்டி இருக்கட்டும். ஆடுபவரும் பார்ப்பவரும் தொலைபேசியை அதில் இட்டே உள்ளே வரவேண்டும். ஆட்டம் முடிந்து, தோற்றவன் தான் எங்கே தவறினேன் என்று தன் வாயாற் சொன்ன பின்னர், பெட்டியைத் திறந்து பொறியையும் கேட்கலாம். பெரியோர்களுடைய தொலைபேசிகளுக்கும் அப்பெட்டியில் இடம் ஒதுக்க வேண்டும்.