சங்கிலி யார் கையில்?

நடுவர் அவர்களே! எதிரணி நண்பர்களே! வீட்டில் நாயைக் காவலுக்கு வைத்துவிட்டு, இங்கே நிம்மதியாக உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! (சிரிப்பு)

பக்கத்து வீட்டு நாயோடு நம் நாய் மல்லுக்கட்டக் காரணம் நாயின் குணமா, சங்கிலி பிடித்தவரின் கையா? கைதான் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் சொன்னார்: "ரெண்டு நாய் சந்திச்சா சண்டைதான், அது பிறவிக்குணம்." ஐயா, அவிழ்த்துவிட்ட இரண்டு நாய்களைப் பாருங்கள். பெரும்பாலும் நேருக்கு நேர் போகாது. சுற்றி வளைந்து, பக்கவாட்டில் வரும். முகத்தைத் திருப்பும், தரையை மோந்து பார்க்கும், கொட்டாவிகூட விடும். நார்வே நாட்டு நாய்ப் பயிற்சியாளர் தூரிட் ரூகாஸ் அம்மையார் இவற்றையெல்லாம் சமாதானச் சைகைகள் என்றார். 'நான் வம்புக்கு வரலப்பா' என்று அர்த்தம்!

நாம் என்ன செய்கிறோம்? எதிரே நாயைக் கண்டதும் சங்கிலியைச் சுண்டி இழுக்கிறோம். நம் நாயின் கழுத்து நிமிர்கிறது, நெஞ்சு முன்னே வருகிறது. அது எதிர் நாய்க்கு எப்படித் தெரியும்? 'வர்றியா, ஒரு கை பாக்கலாமா?' (கைதட்டல்)

இதில் அந்த வீட்டுக்காரர் தூரத்திலிருந்தே சொல்வார்: "அது ஒண்ணும் பண்ணாதுங்க! வாலை ஆட்டுது பாருங்க!" வால் ஆடினால் பாசமா? 2007-இல் இத்தாலி ஆய்வாளர்கள் கண்டார்கள்: வளர்த்தவரைக் கண்டால் வால் வலப்பக்கம் அதிகம் ஆடுகிறது, மிரட்டுகிற புது நாயைக் கண்டால் இடப்பக்கம் அதிகம் ஆடுகிறது. விறைத்துத் தூக்கிய வால் ஆடினாலும் அது வரவேற்பு இல்லை சாமி!

சரி, எப்படிப் பழக்குவது? முதலில் இரண்டுக்கும் வெறிநாய்த் தடுப்பூசி. சந்திப்பு நம் வாசலில் வேண்டாம். அது அதன் எல்லை. பொதுவான ஓர் இடம். நீங்கள் தெருவின் இந்த ஓரம், அவர் அந்த ஓரம், ஒரே திசையில் நடங்கள். சங்கிலி தொய்வாக இருக்கட்டும். அமைதியாக நடந்தால் ஒரு பிஸ்கட் துண்டு. நாளாக ஆக இடைவெளியைக் குறையுங்கள். பிறகு பின்பக்கமாக இரண்டு, மூன்று விநாடி மோந்து பார்க்கவிட்டு, கூப்பிட்டுக்கொண்டு நடையைக் கட்டுங்கள். உடம்பு விறைத்தாலோ, கண் கொட்டாமல் முறைத்தாலோ மறுபடியும் தூரம் போங்கள்.

"சில நாய்க்கு வேற நாயே பிடிக்காதே?" என்பார்கள். ஒத்துக்கொள்கிறேன். சிநேகம் வேண்டாம், சண்டையில்லாமல் கடந்து போனால் போதும். அந்தத் தூரத்தை வைப்பது யார்? அதுவும் கைதானே!

இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை. விலக்கப் போய்க் கையை நடுவில் விட்டால் கடி நமக்கு. கடித்தால் மஞ்சளும் சுண்ணாம்பும் வைக்காதீர்கள். ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வெறிநோய் அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது.

இன்னொரு கடி இருக்கிறது. அதற்கு ஊசியே இல்லை. நாய்கள் சண்டையை மறக்கலாம், மறக்காமலும் போகலாம். இரண்டு வீட்டுக்காரர்கள் பேச்சை நிறுத்தினால்? சுவர் உயரும், கல்யாணப் பத்திரிகை வராது. ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சு வலித்தால் யாரைக் கூப்பிடுவீர்கள்? அமெரிக்காவில் இருக்கும் மகனையா? பக்கத்து வீட்டுக் கதவைத்தானே தட்ட வேண்டும்! (பலத்த கைதட்டல்)

மணியில் கை வைக்காதீர்கள் நடுவரே, முடித்துவிடுகிறேன். நாய்களைப் பழக்க வேண்டுமானால், "அண்ணே, நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு நடக்கப் போவோமா?" என்று முதலில் நாம் பேச வேண்டும். அந்தப் பேச்சை எந்த நாயாலும் தொடங்க முடியாது. எனவே காரணம் கையே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன்.