கொழும்பில் ஓய்வுக்காலமா? விசாவை முதலில் பாருங்கள்

தோணி ஓடிய காலத்திலிருந்தே தூத்துக்குடிக்குக் கொழும்பு பக்கத்து ஊர் மாதிரி. ஓய்வுபெற்றபின் அங்கேயே போய் இருக்கலாமா என்று நம் குடியிருப்பில் சிலர் யோசிக்கிறார்கள். சுற்றுலா விசா சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குத்தான். தங்கி வாழ, 55 வயதைத் தாண்டியவர்களுக்கென்று இலங்கை அரசின் 'மை டிரீம் ஹோம்' விசா உண்டு. அங்குள்ள வங்கியில் 15,000 டாலர் வைப்பு வைக்க வேண்டும். மாதந்தோறும் வெளியிலிருந்து 1,500 டாலர் வர வேண்டும். மனைவிக்கு இன்னொரு 750. தம்பதிக்கு 2,250 டாலர், நம் பணத்தில் ஏறத்தாழ 2 லட்சம். நம் பென்ஷன் எட்டுமா? எட்டினாலும் அது குடியுரிமை ஆகாது. காலம் முடிந்தால் புதுப்பிக்க வேண்டும். விதிகளும் மாறும். ஆகவே இலங்கைக் குடிவரவுத் துறையிடம் கேட்டு உறுதி செய்யும்வரை இங்குள்ள வீட்டை விற்காதீர்கள்.