முட்டையோடு முடியாத அடையாளம்

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலக அரங்கில் கூடியுள்ள இந்தக் கருத்தரங்குக்குத் தலைமையேற்கப் பணித்த அமைப்பாளர்களுக்கு என் நன்றி.

'கொக்கிப்புழு முட்டை காணப்பட்டது.' மலப் பரிசோதனை அறிக்கைகளில் நாம் வழக்கமாக எழுதும் வரி இது. எந்தக் கொக்கிப்புழு என்பதையும் சொன்னால்தான் அந்த அறிக்கை முழுமையாகும் என்பதே என் உரையின் சாரம்.

கொக்கிப்புழு வகைகளில் நெக்கேட்டர் முட்டைக்கும் ஆன்சைலோஸ்டோமா முட்டைக்கும் நுண்ணோக்கியில் வேறுபாடு தெரியாது. குடலில் நடப்பதோ வேறு. ஒரு நெக்கேட்டர் அமெரிக்கானஸ் புழுவால் நாளொன்றுக்குச் சுமார் 0.03 மி.லி. ரத்தம் இழப்பாகிறது, ஆன்சைலோஸ்டோமா டியோடெனாலியால் அதைப்போல் ஐந்து மடங்கும் அதற்கு மேலும். ரத்தசோகையுள்ள கர்ப்பிணிக்கு இந்த வேறுபாடு சிறியதல்ல. நாடாப்புழுக்களிலும் இதே சிக்கல்தான். டீனியா சோலியம், டீனியா சாஜினேட்டா இரண்டின் முட்டைகளும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் மூளையில் கட்டியாகி வலிப்பைத் தருவது சோலியம்.

நம் மாநிலத்திலேயே இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. ஜவ்வாது மலையில் வேலூர் சி.எம்.சி. ஆய்வாளர்களும் வெளிநாட்டு அறிஞர்களும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2016இல் வெளியானது. மக்களின் மலம், நாய்களின் மலம், மண் மூன்றையும் சேர்த்தே எடுத்து, பி.சி.ஆர். முறையில் இனம் பிரித்தார்கள். மனிதரிடம் நெக்கேட்டரே ஓங்கியிருந்தது. நாய்களிடம் ஆன்சைலோஸ்டோமா கேனினமும் செய்லானிக்கமும் இருந்தன. கேனினம் சில மனித மாதிரிகளிலும் தென்பட்டது. பின்னர் அதே மலையையும் திமிரியையும் களமாகக் கொண்ட டீவார்ம்3 ஆய்வு, குடற்புழுப் பரவல் அறுந்ததா என்பதற்கு பி.சி.ஆர். கணக்கில் 2 சதவீதம் என்ற எல்லையை வகுத்தது.

இங்கேதான் நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பி.சி.ஆர். காட்டுவது டி.என்.ஏ.வை மட்டுமே. நாய்ப்புழுவின் முட்டை மண்ணோடு வாய்க்குள் போய் அப்படியே வெளியேறினாலும் முடிவு 'உண்டு' என்றுதான் வரும். முட்டையின் ஓட்டை நுண்மணிகளோடு குலுக்கி உடைக்காவிட்டால் டி.என்.ஏ. சரியாக வெளிவராது, மலத்திலுள்ள பித்த உப்புகள் வினையை முடக்கினால் 'இல்லை' என்பதும் பொய்யாகும். ஒவ்வொரு மாதிரியிலும் உட்கட்டுப்பாடு சேர்க்காத முடிவை நம்பி மருந்துத் திட்டம் வகுக்கக் கூடாது.

ஐயத்தைத் தீர்க்க முதிர்ந்த புழு வேண்டும். மருந்துக்குப் பின் வெளியேறும் புழுவின் வாயைப் பாருங்கள்: கேனினத்துக்கு மூன்று இணைப் பற்கள், டியோடெனாலிக்கு இரண்டு, நெக்கேட்டருக்குப் பற்களுக்குப் பதில் வெட்டுத்தகடுகள். இதைப் பார்த்துச் சொல்லத் தெரிந்தவர்கள் குறைந்துவருவது எனக்குப் பெருங்கவலை. மரபணு வரிசையைப் படிக்கும் மாணவர் புழுவையும் படிக்க வேண்டும்.

எனவே மூன்று வேண்டுகோள்கள். புழு கிடைத்த இடத்தில், வரிசையைப் பொதுத் தரவுத்தளத்தில் சேர்க்கும்போதே அந்தப் புழுவையும் ஆல்கஹாலில் காத்து, எந்த உயிரி, எந்த ஊர், எந்த நாள் என்று குறித்து வையுங்கள். மனித மருத்துவ ஆய்வகங்களும் கால்நடை மருத்துவ ஆய்வகங்களும் ஒரே செய்முறையைக் கையாளட்டும். குடற்புழு நீக்க நாளில் பள்ளிப்பிள்ளைகளுக்கு அல்பெண்டசோல் தரும் திட்டத்தோடு, தெருநாய்களின் மாதிரிச் சோதனையும் இணையட்டும்.

இதற்கான பொது நெறிமுறையின் வரைவை இந்த அரங்கிலேயே எழுதி முடித்துத் துறைகளிடம் ஒப்படைக்குமாறு கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.