நார்த்தங்காய்ப் பாகு
(நமது சங்கத்தின் மாதர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



நம்மவர் இல்லங்களில் நார்த்தங்காய் என்றவுடன் உப்பு ஜாடியே நினைவுக்கு வருகின்றது. சுருளாக அரிந்து, உப்படைத்து, வெயிலில் உலர்த்தி, காய்ச்சல் கண்டவர் நாவுக்கும் மோர்ச்சோற்றுக்கும் துணையாக வைத்துக்கொள்ளுகிறோம். ஆயினும் கொல்லையில் மரம் உள்ளவர்களுக்கு அவ்வளவு காயும் உப்பிலிட்டுத் தீர்வதில்லை. மிகுந்தது மரத்தடியிலே அழுகுகின்றது. அதே வீட்டுக் குழந்தைகளோ சிவப்பும் பச்சையுமான டூட்டி புரூட்டித் துண்டுகளைக் கடையில் காசு கொடுத்து வாங்கித் தின்கிறார்கள். அவை பெரும்பாலும் சாயமேற்றிய பப்பாளிக்காயே. இது கண்டு மனம் பொறாமலே இவ்விஷயத்தை இன்று எடுத்துக்கொண்டேன்.

உப்பிடத் தெரிந்த நமக்குப் பாகிடுதல் அந்நிய வித்தையன்று. மத்தியதரைக் கடலிலுள்ள கார்ஸிகாத் தீவினர், 19ஆம் நூற்றாண்டிலே நார்த்தங்காயைப் பிளந்து உப்புநீரில் ஊறவைத்து, பீப்பாய்களில் அடைத்து, இத்தாலியாவின் லிவோர்னோ துறைமுகத்துக்கு அனுப்பி வந்தனர். அங்கே அது சர்க்கரையேறி, ஐரோப்பியரின் பண்டிகைப் பணியாரங்களிற் சேர்ந்தது. நாம் முதற்படியோடு நின்றுவிட்டோம், அவ்வளவே வித்தியாசம்.

முறையைச் சொல்லுகிறேன். தோல் தடித்து, பசுமை மாறி மஞ்சள் காணும் காயே தக்கது. நான்காகப் பிளந்து சுளையை நீக்குக. சுளை சாதத்துக்கு ஆகும். வெள்ளைச் சதையைச் சுரண்டி எறிதல் வேண்டா. பாகை உண்பது அதுவே. 1 லிட்டர் ஜலத்துக்கு 50 கிராம் உப்பிட்டு இரண்டு நாள் ஊறவைத்து, நன்றாகக் கழுவி, புதுநீரில் வேகவைத்து அந்நீரை வடித்துவிடுக. மூன்று தரம் இவ்வாறு செய்தால் கசப்பு வேண்டிய அளவில் அடங்கும். ஈர்க்குக் குத்தினால் தடையின்றி இறங்கவேண்டும். வேகாத தோல் சர்க்கரையிற் பட்டால் பிறகு எவ்வளவு காய்ச்சினும் மிருதுவாகாது.

இனிச் சொல்லுவதே இதன் உயிர்நிலை. கெட்டிப்பாகில் ஒரே நாளில் போட்டு முடித்துவிடலாம் என்று அநேகர் எண்ணுகின்றனர். அப்படிச் செய்தால், சர்க்கரை உள்ளே புகுவதற்கு முன்னமே தோலிலுள்ள நீர் வெளியேறி, துண்டு சுருங்கித் தோற்பட்டைபோல் ஆகிவிடும். ஆதலால் 1 கிலோ தோலுக்கு, 1 லிட்டர் ஜலத்தில் 500 கிராம் சர்க்கரை கரைத்த இளம்பாகைக் கொதிக்கவைத்து ஊற்றி, ஒரு நாள் விடுக. மறுநாள் பாகை மட்டும் வடித்து, 150 கிராம் சர்க்கரை கூட்டி, கொதிக்கவைத்து மீண்டும் ஊற்றுக. பாகு தேன்போலத் தடிக்கும்வரை நாள்தோறும் இதுவே வேலை. ஏறக்குறைய பத்து நாளாகும். நாளொன்றுக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் அடுப்படியில் நிற்கவேண்டியதில்லை. மூன்றாம் நாளே குழந்தைகள் பாத்திரத்தைத் தேடி வருவார்கள். அதற்குப் பரிகாரம் நான் அறியேன்.

இடையில் இரண்டு ஸ்பூன் எலுமிச்சம்பழச் சாறு விடுதல் நலம். அதன் புளிப்பு சர்க்கரையில் ஒரு பகுதியைப் பிரித்துவிடுவதால் பாகு கற்கண்டாக உறையாது. ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்களைத் தொடவே வேண்டாம். புளிப்புப் பட்டால் களிம்பேறும். எவர்சில்வரோ கல்சட்டியோ போதும். வெல்லமும் உதவும் என்பர். எனக்கு அது சம்மதமில்லை, நிறம் மங்கி நார்த்தை வாசனையும் அமுங்கிப் போகின்றது.

முடிவில் துண்டுகளைச் சல்லடையில் வடியவிட்டு, மெல்லிய துணி மூடி நிழலில் இரண்டு நாள் உலர்த்தி, பொடித்த சர்க்கரையிற் புரட்டிக் கண்ணாடி ஜாடியில் வைக்கலாம். நூற்றுக்கு எழுபது பங்குக்குக் குறையாமல் சர்க்கரை ஏறிய பண்டத்தில் பூசணத்துக்கு வேண்டிய நீர் கிட்டாது. அதனாற்றான் மாதக்கணக்கில் கெடாதிருக்கின்றது. அதனாலேயே நீரிழிவுள்ள பெரியோர்க்கு இது ஆகாது. அவர்களுக்குப் பழைய உப்பு நார்த்தங்காயே இருக்கட்டும், அதுவும் இரத்தக் கொதிப்பு இல்லாவிடின்.

மிஞ்சிய பாகைக் கொட்டிவிடாதீர்கள். நார்த்தை மணம் முழுவதும் அதிலே இறங்கியிருக்கும். ஒரு கரண்டி எடுத்துக் குளிர்ந்த ஜலமும் எலுமிச்சம்பழச் சாறும் சேர்த்தால், வெயிலில் வந்த விருந்தினர்க்கு அப்போதே பானகம் ஆகும்.