சேமக்காலையில் எடுத்த குறிப்புகள்



கற்பிட்டியிலிருந்து சிலாபம் வரை நீளும் எங்கள் கரையில், கடலுக்குப் போனவன் சொன்ன நாளில் திரும்பாவிட்டால் அவனைத் தேடிப் படகுகள் ஒரு பக்கம் போகும். வீட்டுப் பெண்கள் இன்னொரு பக்கம் போவார்கள். மை போட்டுப் பார்ப்பவரிடம், குறி சொல்பவரிடம். "உயிரோடு இருக்கிறானா?" என்பதுதான் கேள்வி. அதற்கு மறுமொழி வாங்கக் காதில் கிடப்பதைக் கழற்றிக் கொடுத்தவர்களும் உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் மக்கள் கையில் ஒன்றுமில்லாமல் வந்து சேர்ந்ததும் இந்தக் கரைக்குத்தான். இழந்தவர்கள் நிறைந்த இடத்தில் குறி சொல்பவருக்குத் தொழில் படுத்துப்போவதில்லை.

இந்தத் தொழிலை ஒரு காலம் தானே செய்து, பின்னர் அதற்குப் பகையாளியான ஒருவரைப் பற்றி இன்று பேசலாம் என்று நினைக்கிறேன். ஹரி ஹூடினி. 1874இல் புடாபெஸ்ட் நகரில் யூத மதகுரு ஒருவரின் மகனாகப் பிறந்து, சிறு வயதிலேயே அமெரிக்கா போனவர். எந்த விலங்கை மாட்டினாலும் கழற்றிக்கொண்டு வெளியே வரும் வித்தைக்காரர் என்றே உலகம் அவரை அறியும். அந்தப் புகழ் வருவதற்கு முன்பு பசி இருந்தது.

1897இன் முடிவில், பனிக்காலத்தில், அவரும் மனைவி பெஸ்ஸும் மருந்து விற்கும் கூட்டமொன்றோடு கன்ஸாஸ் மாநிலத்தில் ஊர் ஊராக அலைந்தார்கள். நம்மூர்ச் சந்தையில் பாம்பையும் கீரியையும் காட்டிச் சனத்தைச் சேர்த்துத் தைலம் விற்பார்களே, அதே வியாபாரம்தான். வெறும் வித்தைக்குச் சனம் சேரவில்லை. ஆவிகளைப் பேசவைத்தால் சேரும் என்றார் முதலாளி. அப்படித்தான் 1898 ஜனவரியில், கலீனா என்ற சுரங்க ஊரில், ஹூடினி ஆவிகளின் தூதரானார். அதற்கு முன் அவர் செய்த வேலை என்ன தெரியுமா? ஊர் விபரம் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு சேமக்காலைக்குப் போனார். கல்லறைகளில் இருந்த பெயர்களையும் நாட்களையும் எழுதிக்கொண்டார். கல்லில் எழுதாத கதைகளை ஊர்க்காரர் சொன்னார். இரவில் அந்தப் பெயர்களை மேடையிலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னபோது சபை சிலிர்த்துப்போனது.

வேறு வழிகளும் உண்டு. வேதாகமம் விற்பவர் போல ஓர் ஆளை முன்கூட்டியே வீடுவீடாக அனுப்புவார்கள். அந்தக் கால அமெரிக்கக் குடும்பங்கள் பிறப்பு இறப்புகளை வேதாகமத்தின் பக்கங்களில்தான் பதிந்து வைத்தன. பழைய பிரதியை ஒருமுறை புரட்டிவிட்டு வந்தால் போதும். தம்பதியராகச் செய்யும் "மனம் வாசித்தல்" இன்னொரு வகை. பெஸ் மேடையில் இருப்பார்; ஹூடினி சபைக்குள் நின்று யாரோ ஒருவரின் பணநோட்டைக் கையில் எடுப்பார். "சொல்" என்றால் ஓர் இலக்கம், "சீக்கிரம்" என்றால் இன்னோர் இலக்கம். கேள்விக்குள்ளேயே விடை ஏறிப் போய்விடும்.

நம்மூர்க் குறிகாரருக்கு இவ்வளவு சிரமமும் வேண்டியதில்லை. "ம எழுத்தில் ஒரு பெயர் தெரிகிறதே" என்பார். முகம்மதுவும் மரியாளும் மாரியம்மாவும் முருகையாவும் அடுத்தடுத்து வாழும் எங்கள் கரையில், ம எழுத்துப் பெயர் இல்லாத வீடு எது? மிச்சத்தை வந்தவரே சொல்லிவிடுவார். வீட்டுக்குப் போனதும், எல்லாவற்றையும் குறிகாரரே சொன்னதாகச் சொல்வார்.

1913இல் ஹூடினியின் தாயார் இறந்தார். அவர் உயிரையே வைத்திருந்த தாய். அதற்குப் பிறகு அவரே மறுபக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார். ஒரு சொல்லாவது கேட்காதா என்று ஆவி பேசுவோரைத் தேடிப் போனார். 1922 ஜூனில் அவருடைய நண்பர் ஆர்தர் கொனன் டொயிலின் மனைவி, தாயாரின் ஆவி எழுதுவதாகச் சொல்லிப் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தார். முதற் பக்கத்தின் உச்சியில் ஒரு சிலுவை. மொழி ஆங்கிலம். யூத மதகுருவின் மனைவி, ஆங்கிலம் பேசத் தெரியாதவர், மகனுக்குச் சிலுவை போட்டு ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவாரா? அன்று தாயாரின் பிறந்தநாள் வேறு. அதைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. ஷெர்லொக் ஹோம்ஸைப் படைத்த டொயிலோ, கடைசிவரை நம்பினார்!

1924இல் வெளியிட்ட நூலில் ஹூடினி தம் பழைய தொழிலை மறைக்கவில்லை. அக்காலத்தில் அது விளையாட்டாகத் தெரிந்தது என்றும், தம் அன்புக்குரியவர்களை இழந்த பின்னரே அது குற்றத்துக்கு எவ்வளவு அருகில் இருந்தது என்று புரிந்ததென்றும் எழுதினார்.

அதே ஆண்டு ஜூலையில் பொஸ்டன் நகரில், மார்ஜரி என்ற பெண்மணியைச் சோதித்த குழுவில் அவரும் இருந்தார். கூட இருந்தவர்கள் படித்த மேதைகள். சிலர் பரிசைக் கொடுத்துவிடும் நிலையில் இருந்தார்கள். இயற்கையை ஆராய்பவருக்கு இயற்கை பொய் சொல்வதில்லை. பொய்யைப் பிடிக்கும் பழக்கம் அவருக்கு எங்கிருந்து வரும்? ஹூடினி அன்று பகல் முழுவதும் முழங்காலுக்குக் கீழே றப்பர்ப் பட்டியை இறுகக் கட்டி, தோலை நோகப் பண்ணி வைத்திருந்தார். இருட்டில் அம்மையாரின் கால் அங்குலம் அங்குலமாக மணியை நோக்கி நகர்ந்ததை அந்த நோவெடுத்த கால் உணர்ந்தது.

எங்கள் நாட்டிலும் இப்படி ஒருவர் இருந்தார். திருவல்லையில் பிறந்து, 1928இல் யாழ்ப்பாணம் வந்து தாவரவியல் படிப்பித்த கலாநிதி ஆபிரகாம் கோவூர். இளவயதில் கல்கத்தாவில் படித்துவிட்டு ஊர் திரும்பியபோது, கங்கை நீர் கேட்டவர்களுக்கு வழியில் பிடித்த சாதாரணத் தண்ணீரைக் கொடுத்தாராம். நோய் தீர்ந்தது என்று வந்து சொன்னார்களாம். பிற்காலத்தில், மோசடிக்கு இடமில்லாதபடி ஓர் அற்புதத்தையாவது செய்து காட்டுவோருக்கு ஒரு லட்சம் ரூபா என்று அறிவித்தார். 1978இல் அவர் இறக்கும்வரை அதை வென்றவர் எவருமில்லை.

கண்கட்டு வித்தையை நான் வெறுப்பவனல்லன். மேடை வித்தைக்காரர் ஏமாற்றப்போகிறேன் என்று சொல்லித்தான் சீட்டு விற்கிறார். நாமும் கைதட்டிவிட்டு வீட்டுக்கு வருகிறோம். காதுத்தோட்டைக் கழற்றிக் கொடுத்தவள் எதைத் தட்டுவது?

காசுக்குக் குறி சொல்வதை வொஷிங்டன் நகரில் தடைசெய்யும் சட்டத்துக்காக 1926இல் ஹூடினி அமெரிக்கக் காங்கிரஸ் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். சட்டம் நிறைவேறவில்லை. அவ்வாண்டு ஒக்டோபர் 31ஆம் திகதி அவர் இறந்தார்.

மறுமை என்று ஒன்று இருந்தால் இன்ன சொற்களைச் சொல்லி அனுப்புவேன் என்று பெஸ்ஸோடு இரகசியமாகப் பேசிவைத்திருந்தார். பழைய மேடைக் குறியீட்டுச் சொற்களும் அதில் இருந்தன. பெஸ் பத்து ஆண்டுகள் காத்திருந்தார். 1936 ஒக்டோபர் 31 இரவு, ஹொலிவூட்டில் ஒரு ஹோட்டலின் மொட்டைமாடியில் கடைசி முறையாக அழைத்துப் பார்த்தார்கள். மறுமொழி வரவில்லை. கணவரின் படத்தருகே அத்தனை ஆண்டுகளும் எரியவிட்டிருந்த விளக்கைப் பெஸ் அணைத்தார்.