மாடு வீசிய மாலை

கிளப் ரூமில் இருக்கும் வீடியோ கேமை மூட்டை கட்டி ஸ்டோர் ரூமில் போட்டுவிடலாம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. கமிட்டி முடிவெடுக்கும் முன் நான் சொல்வதையும் கேளுங்கள்.

அந்த விளையாட்டின் பெயர் 'ரேமேன் ரேவிங் ராபிட்ஸ்'. பிரான்ஸ் நாட்டு யூபிசாஃப்ட் நிறுவனம் 2006ல் நின்டெண்டோ வீ கருவிக்காக வெளியிட்டது. முதலில் ஒரு நீண்ட சாகச விளையாட்டாகத்தான் திட்டமிட்டார்கள். கையை அசைத்து ஆடும் ரிமோட் வந்ததும், சின்னச் சின்னப் போட்டிகளாக மாற்றிவிட்டார்கள். 'ப்வாஆ' என்று கத்தும் கிறுக்கு முயல்கள் ரேமேனைப் பிடித்துச் சிறையில் அடைக்கின்றன. அவன் போட்டிகளில் ஜெயித்தால்தான் தப்பிக்க வழி.

ரிமோட்டுக்குள் அசைவை அளக்கும் சில்லு இருக்கிறது. பத்துப் பட்டன்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். கையை ஆட்டத் தெரிந்தால் போதும். எட்டு வயதுப் பேரனும் அறுபத்தைந்து வயதுத் தாத்தாவும் சரிக்குச் சரி நிற்கலாம்.

போன மாதம் நானும் நின்றேன். ரிமோட்டைத் தலைக்கு மேல் சுழற்றினால், திரையில் சங்கிலியில் கட்டிய மாடு சுழலும். சரியான நேரத்தில் விட்டால் பறக்கும். "விடுங்க தாத்தா!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். நான் ரிமோட்டையே விட்டுவிட்டேன்! மணிக்கட்டில் மாட்டியிருந்த பட்டைதான் நம் டிவியைக் காப்பாற்றியது.

சோபாவில் இருந்த ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். பார்க்கிங் தகராறில் ஒன்றரை வருஷமாக என்னோடு பேசாதவர். "இங்க குடுங்க சார், நான் போடறேன்" என்று வாங்கினார். அவர் மாடு என் மாட்டைவிடத் தூரம் போனது. பார்க்கிங் பிரச்சினை இன்னும் தீரவில்லை. ஆனால் இப்போது லிஃப்டில் பேசிக்கொள்கிறோம்.

சத்தம் வருகிறது, சாமான் உடையும், பெரியவர்கள் விழுவார்கள் என்ற புகார்கள் நியாயமானவைதான். அதற்கு என் யோசனை இது: பட்டை மாட்டாமல் யாரும் ஆடக் கூடாது. டீப்பாயை ஓரம் தள்ளி, ஒருவருக்கொருவர் தாராளமாக இடம் விட வேண்டும். தோள்வலி, தலைசுற்றல் உள்ளவர்கள் உட்கார்ந்தபடி குறிபார்த்துச் சுடும் போட்டியை ஆடலாம். இரவு எட்டரைக்கு ஸ்விட்ச் ஆஃப்.

'குழந்தைகளுக்கு மட்டும்' என்ற போர்டும் வேண்டாம். ஞாயிறு மாலை அரை மணி நேரம் பெரியவர்களுக்கு ஒதுக்குங்கள். நாம் எல்லோரும் ஒன்றாகக் கூடுவது ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் சண்டை போடத்தான். சேர்ந்து சிரிக்கவும் ஒரு இடம் இருக்கட்டும்.