இடம் கிடைத்த பிள்ளை வகுப்பில் இருக்கிறதா?

(பிரிக்ஃபீல்ட்ஸில் பெற்றோர்களும் மாணவர்களும் பகுதிநேரப் பயிற்றுநர்களும் கூடிய சந்திப்பில் ஆற்றிய உரை. வர முடியாத வாசகர்களுக்காக இங்கே எழுத்து வடிவில் தருகிறோம்.)



பல்கலைக்கழகம் என்றதும் நம் சமூகத்தில் முதலில் எழும் கேள்வி, "நமக்கு எத்தனை இடம்?" என்பதுதான். ஒவ்வோர் ஆண்டும் எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். முடிவுகள் வந்த கையோடு மனு எழுதுகிறோம், செய்தியாளர் சந்திப்பு வைக்கிறோம். 2012-இல் மெட்ரிகுலேஷனில் இந்திய மாணவர்களுக்கு 1,500 இடங்கள் என்று அறிவிக்கப்பட்டது. மகிழ்ந்தோம். பிறகு அந்த இடங்கள் உண்மையிலேயே நிரம்பினவா என்று கேட்டு அலைந்தோம். அந்தப் போராட்டம் நியாயமானது. அதை விட்டுவிடுங்கள் என்று சொல்ல நான் இங்கே வரவில்லை.

ஆனால் கிள்ளானிலும் காப்பாரிலும் ரவாங்கிலும் உள்ள நம் பிள்ளைகளில் பலர் இன்னொரு வாசல் வழியாகப் பல்கலைக்கழகத்துக்குள் போகிறார்கள். வேலை பார்த்துக்கொண்டே இயங்கலையில் பட்டப்படிப்பு. அங்கே இடம் கிடைப்பது அவ்வளவு கடினமில்லை. ஏபெல் என்ற முன் அனுபவ அங்கீகார முறை 2011 முதல் இருக்கிறது, எஸ்.டி.பி.எம். இல்லாவிட்டாலும், 21 வயதைத் தாண்டி, வேலை அனுபவம் இருந்தால், மதிப்பீட்டில் தேறி இளங்கலைக்குள் நுழையலாம். நல்ல காரியம். சிக்கல் உள்ளே போன பிறகுதான் தொடங்குகிறது.

போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்யும் ஓர் இளைஞனை நினைத்துப் பாருங்கள். முதல் பருவத்தில் பதிகிறான். இரண்டு வகுப்புக்கு வருகிறான். மூன்றாவதில் வேலை நேரம் மாறிவிடுகிறது. நான்காவது வாரம் கடவுச்சொல் மறந்துவிடுகிறது. ஐந்தாவது வாரம் அவன் இல்லை. வளாகத்தில் படிப்பவன் காணாமல் போனால் அறைத்தோழனாவது கேட்பான். இவனை யாரும் கேட்கவில்லை. பல்கலைக்கழகத்தின் கணினியில் 'செயலில் இல்லை' என்று ஒரு வரி. அவ்வளவுதான். ஆனால் பி.டி.பி.டி.என். கடன் எடுத்திருந்தால் அது மட்டும் அவனை மறக்காது! பட்டம் இல்லை, கடன் உண்டு. "எனக்குப் படிப்பு ஏறாது" என்ற முடிவு வேறு. அது அவனோடு நிற்காது, தம்பி தங்கைகளுக்கும் போய்ச் சேரும்.

ஆகவே நான் இன்று பேச வந்தது இதைப் பற்றித்தான்: இயங்கலைப் பாடத்தை எப்படி அமைத்தால் ஒரு மாணவன் 'இது என் வகுப்பு, நான் இல்லாவிட்டால் தெரியும்' என்று உணர்வான்? இது பல்கலைக்கழகத்தின் உள்விவகாரம் இல்லையா என்று சிலர் கேட்கலாம். இல்லை. சிறுபான்மைச் சமூகத்துக்கு இது உரிமைப் பிரச்சனை.

தொலைவில் இருந்து படிப்பது நமக்குப் புதிதல்ல. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1971-லேயே வளாகத்துக்கு வெளியே இருப்பவர்களுக்குப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. இங்கிலாந்தின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தன் முதல் மாணவர்களை எடுத்ததும் அதே ஆண்டில்தான். மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2000-இல், பதினொரு அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்த கூட்டமைப்பின் பெயரில் உருவானது. 2001 பிப்ரவரியில் சென்னையில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழ் இணைய மாநாடு நம் கோலாலம்பூரில் நடந்தது. சென்னை முயற்சிக்கு முன்னின்றவர் வா.செ. குழந்தைசாமி, இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர். திரையில் பாடம் போட்டால் மட்டும் போதாது என்பது தெரிந்தவர்களின் காலம் அது. வெளிநாடுகளில் தொடர்பு மையங்கள் வேண்டும் என்றார்கள். இங்கிலாந்திலும் வானொலி, தொலைக்காட்சிப் பாடங்களோடு, சிறு சிறு குழுக்களுக்கு ஒரு பயிற்றுநர் என்று வைத்தார்கள். தபாலில் பாடம் அனுப்பிய காலத்திலேயே தெரிந்திருந்த விஷயம், அதிவேக இணையம் வந்த பிறகு பலருக்கு மறந்துபோனது.

2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. எல்லாப் பல்கலைக்கழகங்களும் ஒரே நாளில் 'இயங்கலை' ஆகிவிட்டன. சபாவில் பித்தாஸ் பகுதியைச் சேர்ந்த ஒரு மாணவி, தேர்வு எழுத இணைய வசதி கிடைக்கவேண்டி மரத்தின் மேல் இரவைக் கழித்த காணொளியை நாடே பார்த்தது. கிள்ளான் பள்ளத்தாக்கில் மரம் ஏற வேண்டிய நிலை இல்லை. அதனால் நம் பிள்ளைகளின் கஷ்டம் காணொளியாகவும் வரவில்லை. இரண்டு அறை அடுக்குமாடி வீடு, மூன்று பிள்ளைகள், ஒரு கைப்பேசி. 'கேமராவைத் திறந்து வைத்தால்தான் வருகைப் பதிவு' என்று சில விரிவுரையாளர்கள் கட்டளை போட்டார்கள். பின்னால் துணி காய்கிறது, அப்பா இரவு வேலை முடித்துத் தூங்குகிறார். அந்தப் பெண் எப்படிக் கேமராவைத் திறப்பாள்? திறக்காவிட்டால் 'ஆர்வமில்லாத மாணவி'.

ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். நம் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பதிவுப் படிவத்திலோ 'முதல் பெயர்', 'கடைசிப் பெயர்' என்று இரண்டு கட்டம். ஏ/எல், ஏ/பி-க்குப் பிறகு வருவது கடைசிப் பெயர் என்று கணினி முடிவு செய்கிறது. விளைவு? விரிவுரையாளர் ஒரு பெண்ணை வாரம் முழுக்க அவள் அப்பா பெயரைச் சொல்லி அழைக்கிறார். அவளும் திருத்தத் தயங்கிப் பேசாமல் இருந்துவிடுகிறாள். 'உங்களை எப்படி அழைக்க வேண்டும்?' என்று முதல் நாளே ஒரு வரி கேட்டிருந்தால் போதும். செலவு ஒரு காசு இல்லை. நான் பகுதிநேரமாகப் பாடம் நடத்தும்போது இதைத்தான் முதல் வேலையாக வைத்திருக்கிறேன்.

இந்தத் துறையில் பலரும் எடுத்துக்காட்டும் ஓர் ஆய்வுக் கட்டுரை 2000-இல் கனடாவிலிருந்து வந்தது. கேரிசன், ஆண்டர்சன், ஆர்ச்சர் என்ற மூவர் எழுதியது. இயங்கலை வகுப்பில் மூன்று விதமான 'இருப்பு' வேண்டும் என்கிறார்கள். மாணவன் பாடத்தோடு மல்லுக்கட்டிச் சிந்திப்பது ஒன்று. ஆசிரியர் அங்கே இருக்கிறார் என்று தெரிவது ஒன்று. மாணவர்கள் ஒருவருக்கொருவர் உயிருள்ள மனிதர்களாகத் தெரிவது ஒன்று. நம் ஊரில் பல பாடங்களில் நடப்பது என்ன? எண்பது பக்கக் குறிப்பை ஏற்றிவிடுகிறார்கள். இரண்டு மணி நேர விரிவுரையின் ஒளிப்பதிவைப் போட்டுவிடுகிறார்கள். கைப்பேசித் தரவு தீர்ந்துவிடும் நிலையில் யார் அதைப் பார்ப்பார்கள்? அதையே பத்துப் பத்து நிமிடமாக வெட்டி, ஒலி மட்டும் தனியாகக் கேட்கும்படி கொடுத்தால், கொமுட்டரில் கிள்ளானிலிருந்து கே.எல். சென்ட்ரல் வருவதற்குள் மூன்று நான்கு துண்டுகள் கேட்டுவிடலாம்.

கலந்துரையாடல் பகுதி இன்னும் மோசம். "பணவீக்கம் என்றால் என்ன? கருத்தைப் பதிவிடுக. இரண்டு நண்பர்களுக்குப் பதில் எழுதுக. ஐந்து மதிப்பெண்." நாற்பது பேரும் ஒரே வரையறையைப் போடுவார்கள். "நானும் ஒப்புக்கொள்கிறேன்" என்று எண்பது பதில்கள். இதற்குப் பெயர் ஈடுபாடா? நான் கேள்வியை மாற்றினேன். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் மூன்று கடைகளில் ஒரு கிலோ பருப்பும் ஒரு தட்டு முட்டையும் என்ன விலை, ஏன் வேறுபாடு? கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானா கடை விலையை ஒருவர் எழுதினார். கோத்தா பாருவில் இருக்கும் மலாய்க்காரப் பெண் சந்தை விலையை எழுதினார். சிபுவிலிருந்து இபான் மாணவர், படகில் சரக்கு வருவதால் கூடும் செலவைச் சொன்னார். யாரும் யாரையும் பார்த்து எழுத முடியாது. அதுவரை வாய் திறக்காத பிள்ளைக்கும், தனக்கு மட்டுமே தெரிந்த ஒன்று சொல்லக் கிடைக்கிறது.

நம் ஆட்களை மட்டும் தனியாகக் கூட்டிவைக்க வேண்டும் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதுதான் இப்போதே நடக்கிறதே! ஒவ்வொரு வகுப்பிலும் இனத்துக்கு ஒரு புலனக் குழு. ஒரு பருவத்தில் என் மாணவி ஒருவர் இடைத்தேர்வுக்கு வரவில்லை. அலட்சியம் என்று நினைத்து, எல்லாருக்கும் அனுப்பும் அதே நினைவூட்டலை அவருக்கும் அனுப்பினேன். பிறகுதான் தெரிந்தது, தேர்வு நேர மாற்றம் ஒரு புலனக் குழுவில் மட்டும் போயிருக்கிறது, அவர் அதில் இல்லை. தப்பு என்னுடையது. அதிலிருந்து நானே ஐந்தாறு பேரை இனம், ஊர் கலந்து குழுவாகப் பிரித்துவிடுகிறேன். முக்கிய அறிவிப்பு அதிகாரப்பூர்வப் பக்கத்தில் மட்டும்தான். இரண்டு வாரம் சத்தமில்லாதவருக்குப் பெயர் சொல்லி ஒரு செய்தி, பதில் இல்லாவிட்டால் ஓர் அழைப்பு.

2011-இல் அமெரிக்காவில் வால்டன், கோஹன் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். முதலாண்டு மாணவர்களுக்கு ஒரு மணி நேரம் மட்டும். மூத்த மாணவர்கள் எழுதியதைப் படிக்கக் கொடுத்தார்கள்: 'எனக்கும் முதலில் இது என் இடமில்லை என்றுதான் தோன்றியது; எல்லாருக்கும் தோன்றும்; பிறகு மாறியது.' அதைப் படித்த கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் அடுத்த மூன்றாண்டுகளில் உயர்ந்து, வெள்ளையரோடு இருந்த இடைவெளி பாதியாகக் குறைந்தது. காரணம் லேசானது. பெரும்பான்மைப் பிள்ளை ஒரு தேர்வில் தோற்றால் 'தேர்வு கஷ்டம்' என்று நினைக்கிறான். நம் பிள்ளை தோற்றால் 'நம்ம ஆளுக்கு இது சரிவராது' என்று நினைக்கிறான்.

இதை நமக்கு அமெரிக்கா சொல்லித்தர வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1982-இல் டாக்டர் தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் செய்ததும் இதுதானே? அது வெறும் டியூஷன் மட்டும் இல்லை. பல்கலைக்கழகம் போன அண்ணனும் அக்காவும் திரும்பிவந்து சொல்லிக் கொடுத்தார்கள். கல்வி யாத்திரையாகப் பத்துமலைக்குப் போனார்கள். படிப்பு என்பது தனி ஆள் வேலை இல்லை என்று ஒரு தலைமுறைக்குப் புரியவைத்தார்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. வகுப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் "கேஸ் தோம்பு வந்திருக்கு, எடுத்து வா" என்று கூப்பிடுகிறோம். பிள்ளை கணினியில் 'சும்மா' இருப்பதாக நினைப்பு. வாரத்தில் இரண்டு மணி நேரம், ஒரு மூலை, ஒரு மேசை. அது அவர்கள் வகுப்பறை என்று வீட்டில் அறிவித்துவிடுங்கள்.

இயக்கம் செய்யவேண்டியது வேறு. இதுவரை 'எத்தனை பேரைச் சேர்த்தீர்கள்' என்று கேட்டோம். இனி இயங்கலைப் படிப்பு நடத்தும் ஒவ்வொரு கழகத்துக்கும் எழுதிக் கேட்போம்: சேர்ந்த இந்திய மாணவர்களில் முதல் பருவம் முடித்தவர் எத்தனை பேர்? பட்டம் பெற்றவர் எத்தனை பேர்? ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர், மாணவரை அழைத்துப் பேசும் நேரத்துக்குச் சம்பளம் உண்டா, அல்லது வகுப்பு நடத்திய மணிக்கு மட்டும்தானா? பணி ஒப்படைப்பு நாளைத் தைப்பூசத்தன்று வைத்துவிட்டு, நம் பிள்ளை காவடியோடு நிற்கும்போது மதிப்பெண் வெட்டுகிறார்களா? சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் அது பொதுவிடுமுறை. நாட்காட்டியைப் பார்த்தாலே போதும்.

சனிக்கிழமை மாலைகளில் கிள்ளானில் நான்கு மேசையும் இணைய வசதியும் உள்ள ஓர் இடத்துக்கு ஏற்பாடு நடக்கிறது. எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் பாடம் என்பது முக்கியமில்லை. பட்டம் முடித்த இருவர் வந்து உட்காருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பாதியில் விட்டவர்கள் யாராவது உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருந்தால் அவர்களையும் கூட்டிவாருங்கள். எப்போது, எந்த வாரத்தில், ஏன் விட்டார்கள் என்பதை எழுதி வாங்கத்தான் முதல் இரண்டு சனிக்கிழமைகள். அந்த எழுத்து கையில் இருந்தால்தான் மேற்சொன்ன கடிதத்துக்கு வலு. பின்வரிசையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. போகும்போது பெயரை எழுதுங்கள். எப்படி அழைக்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.